ஜப்பான் காலத்தில் எல்லாருக்கும் ஒரே கஷ்டம்தானா? செக்ரோல், சயாம் ரயில், கம்பி வேலி

(மலாயாத் தமிழரைப் பற்றிய ஓர் உரையாடல். ஒவ்வொரு பதிவின் தலையிலும் இருப்பது எழுதியவரின் ஊர்.)

பட்டர்வொர்த், 3.2.2024

ஒரு கருத்தை வைக்கிறேன், மறுக்கிறவர்கள் மறுக்கலாம். மலாயாவை ஜப்பான் பிடித்து ஆண்ட ஜப்பான் காலம் மேலே கீழே என்பதை அழித்துவிட்டது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போனார்கள், இல்லை சிறைக்குப் போனார்கள். கணக்கு எழுதும் கிராணியும் மரவள்ளிக்கிழங்கு தின்றார், ரப்பர் பால் வெட்டுகிறவரும் அதையே தின்றார். சாக்கு உடுத்தாத வீடு இல்லை. சயாமுக்கு (தாய்லாந்துக்கு) ரயில் பாதை போடக்கூட ஜப்பான்காரன் ஆள் பார்த்தா ஏற்றினான்? கண்ணில் பட்டவனை லாரியில் போட்டான். போர் என்று வந்தால் எல்லாருக்கும் ஒரே விதிதான்.

பிரிக்பீல்ட்ஸ், 3.2.2024

கிழங்கு வரைக்கும் சரி. சயாம் கணக்கு சரியில்லை.

கண்ணில் பட்டவனை ஏற்றியது பட்டணத்திலும் சடக்கோரத்திலும் (சாலையோரத்திலும்). அதுவும் பின்னால் வந்த கட்டம். தோட்டத்தில் நடந்தது வேறு. இந்தத் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று மேலிருந்து கணக்கு வரும். அதை நிரப்புவது ஜப்பான்காரர் அல்ல. அவருக்குத் தமிழ் தெரியாது, லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) எந்தக் கதவுக்குள் யார் இருக்கிறார் என்பதும் தெரியாது. தெரிந்தவர் கிராணி, ஏனென்றால் செக்ரோல் அவரிடம் இருந்தது.

செக்ரோலைப் பார்க்காதவர்களுக்காக: நீளவாக்கில் விரிகிற பேரேடு. இடப்பக்கம் பெயர், எந்தக் கங்காணியின் ஆள் என்பது. அடுத்து மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது ஆள் நின்றால் அந்தக் கட்டத்தில் ஒரு குறி. வலப்பக்கம் மாதச் சம்பளம், அதில் பிடித்த அரிசிக் காசு, முன்பணம். ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும், யார் ஒண்டிக்கட்டை, யார் அடிக்கடி வேலைக்கு வராதவர், யார் தலையில் கடன் நிற்கிறது எல்லாம் தெரிந்துவிடும். சம்பளம் போட வைத்த அதே பேரேடுதான் சயாமுக்கு ஆள் எடுக்கவும் உதவியது. முதலில் போனவர்கள் தனி ஆட்கள், கிராணிக்குப் பிடிக்காதவர்கள், எதிர்த்துப் பேசியவர்கள், கோழியோ நகையோ கொடுத்துத் தப்ப வழியில்லாதவர்கள். உயிர் தப்பியவர்களின் வாய்மொழிப் பதிவுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

ஆயர் ஈத்தாம், 4.2.2024

ஆள் எடுத்ததில் மூன்று கட்டம் உண்டு. அதைப் பிரிக்காமல் பேசினால் குழப்பம்தான் வரும்.

முதல் கட்டம் ஆசை காட்டியது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), சாப்பாடு இலவசம், போக வர ரயில். மலாயா ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த மேற்கத்திய நாடுகள் எதிரியாகிவிட்டன. ஜப்பானுக்குத் தேவைப்பட்டதோ விளைச்சலில் ஒரு பகுதிதான். மரம் வெட்டாமல் கிடந்தது, தோட்டத்தில் பிரட்டே நின்றுபோனது. அரிசியோ பெரும்பங்கு பர்மா, சயாம், இந்தோசீனாவிலிருந்து கப்பலில் வந்தது, அதுவும் வரவில்லை. இந்த நிலையில் நாளுக்கு ஒரு வெள்ளி என்றால் போகத்தானே செய்வார்கள்? குடும்பத்தோடு போனவர்களும் உண்டு.

மூன்று மாதம் ஆனது, யாரும் திரும்பவில்லை. அதோடு விரும்பிப் போவது நின்றது. அப்போது வந்தது இரண்டாம் கட்டம், பிரிக்பீல்ட்ஸ் சொன்ன கணக்குமுறை. அதிலும் ஆள் போதாதபோது மூன்றாம் கட்டம்: இலவசப் படம் என்று கூட்டி வாசலை மறித்து ஏற்றியது, சந்தையில் பிடித்தது, சடக்கில் போனவரைப் பிடித்தது. நம் காதில் அதிகம் விழுந்தது இந்த மூன்றாம் கட்டக் கதை.

பிரிக்பீல்ட்ஸ், 4.2.2024

கிராணிக்கு அந்த அதிகாரம் ஜப்பான்காரன் கொடுத்ததில்லை. அது முன்னாலேயே இருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் அதைத் தடுக்கிறவர்கள்தான் இல்லாமல் போனார்கள்.

தோட்டத்துப் படிவரிசை இப்படி. உச்சியில் துரை. அவருக்குக் கீழே பெரிய கிராணி, வெளிவேலையைப் பார்க்கும் கண்டக்டர், சின்னக் கிராணிகள். இவர்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் அதிகம். அதற்கும் கீழே ஆட்களை மேய்க்கும் மண்டோர், கங்காணி. அடியில் லயம். லயத்துக்குள்ளும் சாதி பார்த்து வரிசை பிரித்த தோட்டங்கள் இருந்தன. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டி வருவார். அவர் ஆட்கள் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு 2 காசு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்த காலம் உண்டு. ஆள் நோயில் படுத்தால் கங்காணிக்கு நட்டம். அப்படியானால் படுக்க விடுவாரா? 1938-ல் பயண உதவி கொடுத்து மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. ஊரிலிருந்து ஆள் வருவது நின்றது, கங்காணியின் அதிகாரம் லயத்தில் அப்படியே இருந்தது.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடு, நல்ல மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு, எங்கள் பெண்களைத் தொந்தரவு செய்யாதே, முரட்டுக் கிராணிமாரை மாற்று. அவற்றோடு இன்னொன்று: துரைக்கும் கிராணிமாருக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி வேண்டும். எதிரே அவர்கள் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அதன்பின் போராட்டம் பெரிதானது, பட்டாளம் வந்தது, சுட்டது, ஆட்கள் செத்தார்கள்.

அது 1941 மே. 1942 ஜனவரி 11-ல் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் வந்துவிட்டார்கள். எட்டே மாதம். துரை இல்லை. குறை சொல்லப் போக லேபர் ஆபிஸ் இல்லை. வேலைநிறுத்தத்தில் யார் முன்னால் நின்றது என்று அறிந்தவர் கையில் செக்ரோல் இருந்தது.

பட்டர்வொர்த், 6.2.2024

தோட்டத்துக்கு இது பொருந்தலாம், அண்ணே. பினாங்குப் பட்டணத்தில் கிராணியும் இல்லை, லயமும் இல்லை. குண்டு விழுந்தபோது எல்லார் தலையிலும்தானே விழுந்தது?

ஆயர் ஈத்தாம், 6.2.2024

விழுந்தது எல்லார் தலையிலும். தப்ப வழி எல்லாருக்கும் கிடைத்ததா?

1941 டிசம்பர் 11-ல் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது. விமானத்தைப் பார்க்க மக்கள் அஞ்சடிக்கும் (கடைமுன் நடைபாதைக்கும்) தெருவுக்கும் வந்து அண்ணாந்து நின்றார்கள். பதுங்கும் பழக்கமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, தடுக்க ஒரு விமானமும் இல்லை. அதனால்தான் அத்தனை சாவு. டிசம்பர் 13 இரவிலிருந்து ஐரோப்பியர்களைச் சத்தம் போடாமல் கப்பலேற்றினார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரருக்கு அதில் இடமில்லை. வெள்ளைக்காரனோடு சேர்ந்து தீயணைத்தவர்களும் காயம் கட்டியவர்களும் காலையில் எழுந்து பார்த்தால் மேலதிகாரி நாற்காலி காலி.

கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டே இருந்தது. கொடி பறக்கும்வரை குண்டு விழும். அதை இறக்கியவர் எம். சரவணமுத்து, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழர். பினாங்கில் பாதுகாப்புப் படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் அறிவித்ததும் அவர்தான். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி அரிசிக்கும் காவலுக்கும் ஏற்பாடு செய்தார். டிசம்பர் 19-ல் ஜப்பானியர் வந்தார்கள், பிறகு அவரையும் சிறையில் போட்டார்கள். பட்டணத்தை விட்டு ஓடியது யார், ஊரோடு நின்றது யார் என்பதை அந்தச் சில நாள் காட்டிக்கொடுத்தது. போருக்குப் பிறகு வெள்ளைக்காரன் திரும்பியபோது பழைய மரியாதை திரும்பாததற்குப் பினாங்கு ஒரு பெரிய காரணம்.

பட்டர்வொர்த், 9.2.2024

சரி, ரயில் போடும் இடத்துக்கே வருவோம். அங்கே வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் செத்தார்கள், தமிழர்களும் செத்தார்கள். ஒரே காடு, ஒரே காலரா. அங்கேயுமா படிவரிசை?

ஆயர் ஈத்தாம், 10.2.2024

அங்கேதான் தம்பி, உயிர் போகிற அளவுக்கு.

பாதை 415 கிலோமீட்டர், சயாமில் பான்போங்கிலிருந்து பர்மாவில் தன்பியுசாயாட் வரை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தன. 1943 தொடக்கத்தில் வேலையை விரைவுபடுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மலாயாத் தமிழர்கள் பெருங்கூட்டமாகப் போனது அந்த நேரத்தில்தான், மழைக்காலத்துக்குச் சற்று முன்னால்.

மண் வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால் மற்றது புரியும். கருவி சங்குல் (மண்வெட்டி), கூடை, இரண்டு மூங்கில் கழியில் கோத்த சாக்கு. ஒருவர் வெட்டுவார், ஒருவர் சாக்கில் அள்ளுவார், இருவர் முன்னும் பின்னும் தோளில் தூக்கிப் போய்க் கரையில் கொட்டுவார்கள். அளவு தலைக்கு நாளுக்கு ஒரு கன மீட்டர் வரை போனது, சில நேரம் அதற்கு மேலும். ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. கரை உயர உயர ஏறும் உயரம் கூடும். பள்ளம் ஆழமாக ஆழமாகத் தூக்கும் தூரமும் கூடும். அளவை மட்டும் குறைக்க மாட்டார்கள். மழை பெய்தால் மண் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று கொசு பெருகும். மூங்கில் கீறிய கால் ஒரு வாரத்தில் எலும்பு தெரியும் புண்ணாகும். தீட்டிய அரிசியே சாப்பாடு என்பதால் பெரிபெரி வந்து கால் வீங்கும்.

இவ்வளவும் கைதிகளுக்கும் உண்டு. காலராவில்தான் வித்தியாசம் தெரிந்தது. கைதிகளின் முகாமில் பட்டாளத்து அமைப்பு உடையவில்லை. அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார். "நீ வேலைக்குப் போகாதே, தண்ணீர் காய்ச்சு" என்று நாலு பேரை நிறுத்தி வைக்க அவர்களால் ஓரளவு முடிந்தது. குடிக்கும் தண்ணீர் முழுவதும் கொதித்தது. சாப்பிடுமுன் ஒவ்வொருவர் தட்டும் கொதிநீரில் முங்கியது. கக்கூஸ் ஆழமாகத் தோண்டி மூடி வைத்தார்கள். உப்புக் கரைசலை மூங்கில் குழாயில் நரம்பில் ஏற்றினார்கள். அதிகாரிகளின் படிக்காசில் ஒரு பகுதியைச் சேர்த்து நோயாளிக்கு வாத்து முட்டை வாங்கினார்கள்.

தமிழர் முகாமில்? தோட்டத்தில் சுகாதாரம் என்பது துரை பார்த்தது, மருந்து டிரெஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) கொடுத்தது, கூலி செய்ய வேண்டியது சொன்னதைச் செய்வது. தாங்களாகக் கூடித் தீர்மானிக்க ஒரு சங்கம் வைக்கக்கூட விடாத வாழ்க்கை. 1941-ல் அதைக் கேட்டதற்குத்தானே சுட்டார்கள்? பல தோட்டத்து ஆட்களைக் கலந்து ஒரு கொட்டகையில் போட்டபோது, யார் தண்ணீர் காய்ச்சுவது, யார் பிணம் புதைப்பது என்று சொல்ல ஆள் இல்லை. நடமாட முடிந்தவர்கள் எல்லாரும் மண் வேலையில். ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். காலரா என்றதும் காட்டுக்குள் ஓடினார்கள், ஓடிய இடத்திலும் பரவியது. 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும் கைதிகளிலிருந்து கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று இரண்டு மருத்துவக் குழுக்களை ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். இரண்டும் சேர்ந்து சில நூறு பேர்தான். அவர்களுக்கும் மருந்து கொடுக்கவில்லை.

கைதிகள் 60,000 பேருக்கு மேல், செத்தது 12,000-க்கு மேல். ஐந்தில் ஒருவர். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000-க்கு மேல், பெரும்பாலும் தமிழர். செத்தவர்களைக் குறைவாகப் பதிந்த கணக்கே மூன்றில் ஒருவருக்கு மேல் என்று வருகிறது. பாதிக்கு மேல் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

செந்தூல், 11.2.2024

அந்தப் பாதையின் தண்டவாளத்தில் பாதி நம் ஊர்ச் சொத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்துக் கொண்டுபோய்த்தான் அதைப் போட்டார்கள்.

ஆயர் ஈத்தாம், 11.2.2024

பாதி என்று சொல்ல முடியாது. ஜாவாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும்கூட இரும்பு வந்தது. கிழக்குக் கரைப் பாதையில் நீண்ட பகுதியைப் பெயர்த்தது உண்மை. கிளந்தான் வரை ரயில் மீண்டும் ஓட 1950-கள் ஆகிவிட்டன.

பிரிக்பீல்ட்ஸ், 14.2.2024

மேலே எழுதியதில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. படிவரிசை ஆடாமலே இருந்தது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டத்து இளைஞர்களுக்கு இன்னொரு வழி திறந்தது. ஐ.என்.ஏ.யில் (அவர் தலைமை ஏற்ற இந்திய தேசிய ராணுவத்தில்) சேர்ந்தவரைச் சயாமுக்கு அனுப்புவது கடினம். சுதந்திர வெறியோடு சேர்ந்தவர்களும் உண்டு, செக்ரோலிலிருந்து தப்பச் சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டாவது காரணத்தைச் சொன்னால் தியாகம் குறைந்துவிடும் என்று சிலர் மறைக்கிறார்கள். உயிர் பிழைக்கத் துப்பாக்கி எடுத்தவரின் வாழ்க்கையும் மதிக்கத்தக்கதுதான். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பால் வெட்டின பெண்களும் கோலாலம்பூர் வசதியான வீட்டுப் பெண்களும் ஒரே கொட்டகையில் படுத்தார்கள், ஒரே தட்டில் உண்டார்கள்.

அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் தோட்டத்துக்குத் திரும்பியபோது சைக்கிளைவிட்டு இறங்குவார்களா? 1946, 47-ல் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி முன்னின்றார். பட்டாளத்து நடை, சீருடை, கள்ளுக்கடை மறியல். குடித்துவிட்டு வந்தவரை லயத்துக்குள்ளேயே கண்டித்தார்கள். சம்பளத்தில் பாதி கள்ளுக்கடைக்குத் திரும்பும்வரை கூலி உயர்ந்தும் பயனில்லை என்பது அவர்கள் கணக்கு. 1947-ல் போலீஸ் அடக்கியது.

பட்டர்வொர்த், 15.2.2024

ஒத்துக்கொள்கிறேன், லயத்துக்கு. மேல்தட்டும் சரிந்தது என்பதற்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது: கடன் கொடுக்கும் செட்டியார்கள் இருந்த பினாங்குச் செட்டித்தெரு. போருக்கு முன் வாங்கிய கடனை வாழைமர நோட்டில் (ஜப்பானியர் அச்சிட்ட நோட்டில்) கொண்டுவந்து கொட்டினார்கள். நல்ல வெள்ளிக்குக் கொடுத்த கடன் காகிதமாகத் திரும்பியது. வாங்க மறுத்தால் ஜப்பானிய நோட்டை அவமதித்த குற்றம். 1945 செப்டம்பரில் அந்த நோட்டு செல்லாது என்றானது. பிறகு 1948-ல் ஒரு சட்டம் வந்து, ஆக்கிரமிப்பின் பிற்பகுதியில் செலுத்தியதை மட்டும் மதிப்பு குறைத்துக் கணக்கிட்டது.

பிரிக்பீல்ட்ஸ், 15.2.2024

நல்ல சான்று. ஆனால் அந்தச் சட்டத்தை வைத்து வழக்குப் போட வக்கீல் வேண்டும், பத்திரம் வேண்டும். செட்டியாரிடம் இரண்டும் இருந்தது. லயத்தில் தகரப்பெட்டியில் அதே வாழைமர நோட்டில் கூலியைச் சேர்த்து வைத்தவருக்கு எந்தச் சட்டமும் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ், 20.2.2024

இந்தப் பேச்சு ஜப்பானோடு நின்றுவிடக் கூடாது. 1948 ஜூனில், கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை அடக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம். மக்களைப் பெயர்த்து வேலிக்குள் குடிவைத்த புதுக்கிராமம் என்றால் சீனர் கதை என்று நினைக்கிறோம். அரை மில்லியன் பேரைக் குடிபெயர்த்தது ஒரு பக்கம், தோட்டத் தொழிலாளிகளை லயத்தோடு கம்பி வேலிக்குள் ஒதுக்கியது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதில் அதைவிட அதிகம் பேர் அடங்கினார்கள், அவர்களில் தமிழர் மிகுதி.

வேலி வந்ததும் என்ன மாறியது? பால் வெட்டு விடியுமுன் தொடங்க வேண்டிய வேலை. குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் வெட்டுவாயில் உறைந்து நின்றுவிடும். ஊரடங்கு முடிந்து கேட் திறக்கும்வரை காத்திருந்தால், அதே மரம், அதே கை, மங்கில் (பால் ஏந்தும் கிண்ணத்தில்) பால் குறையும். எடைக்குக் கூலி வாங்குபவருக்குச் சம்பளம் அங்கேயே போயிற்று. கேட்டில் ஆண் பெண் எல்லாருக்கும் உடல் சோதனை. காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகத் தடை, ஏனென்றால் அது கொரில்லா கைக்குப் போகும். வெறும் வயிற்றோடு தன் மர நிரையை முடித்து மதியம் திரும்ப வேண்டும். கடையில் டின் மீன், டின் பால் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுப்பார், சேர்த்துவைக்க முடியாது. பின்னால் சில வட்டாரங்களில் அரிசியையே தரவில்லை, பொதுச் சமையலில் வெந்த சோறாகக் கொடுத்தார்கள். சோறு ஒரு நாளில் கெட்டுவிடும் என்பதுதான் அதிலிருந்த கணக்கு.

பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லாருக்கும் அடையாளக் கார்டு. கொரில்லா வந்து கார்டைக் கிழித்துப் போட்டால் மறுநாள் கேட்டில் மாட்டிக்கொள்வது தொழிலாளி. கொரில்லாவுக்குச் சந்தா கொடுக்கவில்லை என்றால் இரவில் அடி, கொடுத்தால் பகலில் சிறை.

செந்தூல், 21.2.2024

தொழிற்சங்கத்தையும் சொல்லுங்கள். சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். முந்தின நாள்தான் இன்னொரு சங்கத் தலைவர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தலைமுறைத் தலைவர்களில் செத்தவர், சிறையில் இருந்தவர், நாடு கடத்தப்பட்டவர் போக மிஞ்சியவர் சிலர். 1954-ல் தோட்டச் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது அது அரசாங்கம் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குள் பேசக் கற்றுக்கொண்ட சங்கம்.

பட்டர்வொர்த், 2.3.2024

பலர் தனியாகக் கேட்கிறார்கள்: குடும்பத்தில் சயாமுக்குப் போனவரைப் பற்றித் தேட எங்கே தொடங்குவது? காஞ்சனபுரி கல்லறையில் பெயர் இருக்குமா?

ஆயர் ஈத்தாம், 3.3.2024

இருக்காது. காஞ்சனபுரி, சுங்காய் (Chungkai), தன்பியுசாயாட் மூன்றும் கைதிகளின் கல்லறை, பெயரும் படைப்பிரிவும் கல்லில் இருக்கும். நம் ஆட்களைக் குழியில் மொத்தமாகப் போட்டார்கள் அல்லது எரித்தார்கள். காஞ்சனபுரி வாட் தாவோர்ன் வராராம் கோயிலில் பெயரில்லா எலும்புகளுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அங்கே போனால் விளக்கு வைக்கலாம், பெயர் தேட முடியாது.

இழப்பீடு வந்ததே என்று யாராவது சொன்னால்: 1967 செப்டம்பரில் ஜப்பானும் மலேசியாவும் செய்த ஒப்பந்தம் 25 மில்லியன் வெள்ளி, அதுவும் இரண்டு கப்பலாக வந்தது. விதவை கைக்குக் காசாக வரவில்லை. செத்ததற்குச் சான்று இல்லாததால் பல பெண்கள் தாலியைக் கழற்றலாமா கூடாதா என்பதே தெரியாமல் இருந்தார்கள். ஏழு ஆண்டு தகவல் இல்லாதவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று 1950-ன் சாட்சியச் சட்டம் 108-ஆம் பிரிவு சொல்கிறது. லயத்தில் அதை எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்? அப்பன் பெயருக்குத் தாள் இல்லாத வீட்டில் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் தகராறானது. 1957-க்குப் பின் குடியுரிமைக்கு மனு போடும்போது, பிறந்த இடம், வசித்த ஆண்டு இரண்டையும் நிரூபிக்கச் சொன்னார்கள். தாள் இல்லாதவர் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றார். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பர்மிட் கட்டாயம் என்றபோது கப்பலேறிப் போனவர்களில் அப்படிப்பட்டவர்களும் உண்டு.

தேடும் வழி: தோட்டத்தில் தொடங்குங்கள், ஆளில் தொடங்காதீர்கள். முதலில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் வழங்கும் தமிழ்ப் பெயர் அரசாங்கக் கோப்பில் இருக்காது. பழைய நில வரைபடம், தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, உறவுக்காரர் ஒருவரின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள "பிறந்த இடம்" மூன்றில் ஒன்று கைகொடுக்கும். அடுத்து கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1945, 46-ன் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகக் கோப்புகளையும் தொழிலாளர் இலாகா கோப்புகளையும் தோட்டப் பெயரிலும் மாவட்டப் பெயரிலும் கேளுங்கள். ஆள் பெயரில் கேட்டால் கிடைக்காது, கோப்பு அப்படி அடுக்கப்படவில்லை. பெயர் வந்தாலும் எழுத்து ஒத்துப்போகாது. ராமசாமி ஒருவரே நாலு விதமாக எழுதப்பட்டிருப்பார். அதனால் கங்காணி பெயரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய ஆட்கள் ஒரே கட்டாகத்தான் எழுதப்பட்டிருப்பார்கள்.

கங்காணி பெயரும் தெரியாதென்றால் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பழைய உபயக் கல்லை (கொடுத்தவர் பெயர் வெட்டிய கல்லை) பாருங்கள். தோட்டத்தை விற்று வீடு கட்டிய இடங்களில் கோயிலை இடம் மாற்றியிருப்பார்கள், கல் பின்கட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கலாம். அர்ச்சகரிடம் கேளுங்கள், சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.